அது நேவி கப்பல்தானா?

திருவான்மியூர் கடற்கரையில் நடக்கும்போது தூரத்தில் ரோந்துக் கப்பல் தெரிந்தால், "நேவி கப்பல்" என்று சொல்லிவிடுகிறோம். நிறத்தைப் பாருங்கள். சாம்பல் என்றால் கடற்படை. வெள்ளை உடலில் சாய்ந்த பட்டை இருந்தால், அது இந்தியக் கடலோரக் காவல்படை.

முப்படைகள் நமக்கு அக்கம்பக்கம்தான். தரைப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி பரங்கிமலையில், விமானப்படைக்குத் தாம்பரம், கடற்படை விமானங்களுக்கு அரக்கோணம். இந்த மூன்றிலும் சேராதது கடலோரக் காவல்படை. 1978-இல் தனிச் சட்டம் வந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கினாலும், இதன் அன்றாட வேலை போர் அல்ல. கடத்தலைத் தடுக்க வேண்டும், புயலில் சிக்கிய மீனவரை மீட்க வேண்டும், கடலில் கொட்டிய எண்ணெயை அகற்ற வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதே, அப்போதும் களத்தில் நின்றார்கள். இவர்கள் பார்வையில் இருக்கும் கடல் 200 கடல் மைல். கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டிப் போகும் தூரம்!

கரையோரக் கடலைக் கவனிக்கும் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமமோ ராணுவமே அல்ல, நம் காவல்துறை. அவர்களை அழைக்க 1093. நடுக்கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.