ஒரு டிஷ்... ரெண்டு டிவி... நோ சண்டை!

திருவேற்காட்டுல ஃப்ரெண்ட்ஸோட வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிற பார்ட்டியா நீங்க? ஹால்ல சீனியர்ஸுக்கு கிரிக்கெட், ரூம்ல ஜூனியர்ஸுக்கு காமெடி. டிவி ரெண்டு, மொட்டை மாடியில டிஷ் ஒண்ணு. 'ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி வயரைப் பிரிச்சா மேட்டர் ஓவர்!'னு ஒருத்தர் ஐடியா குடுப்பாரே... சண்டையே அங்கதான் ஆரம்பம்!

ஏன்னா, கேபிள் டிவி மாதிரி டிஷ் வயர்ல சிக்னல் இறங்கி வர்றதோட கதை முடியறதில்லை. செட்டாப் பாக்ஸ் மேலே உத்தரவும் அனுப்பும். சேனல்கள் ரெண்டு பிரிவா வருது. 13 வோல்ட் அனுப்பினா ஒரு பிரிவு, 18 வோல்ட் அனுப்பினா இன்னொண்ணு. டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குதே எல்.என்.பி., அது ஒரு நேரத்துல ஒரு உத்தரவுக்குத்தான் தலையாட்டும். ஹால் 18 கேட்டா, 13 கேட்ட ரூம்ல 'நோ சிக்னல்'!

டிஷ்ஷை மாத்த வேணாம். எல்.என்.பி.யை மட்டும் மாத்துங்க. ரெண்டு டிவிக்கு 'ட்வின்', நாலு டிவிக்கு 'குவாட்'. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி வயர். அவ்வளவுதான்!

பர்ஸ் பத்திரம்: கட்டண டி.டி.ஹெச்.ல ரெண்டாவது பாக்ஸுக்கும் பணம் கட்டணும். தூர்தர்ஷன் 2004 டிசம்பர்ல 'டிடி டைரக்ட் ப்ளஸ்'னு ஆரம்பிச்சு, இப்போ 'டிடி ஃப்ரீ டிஷ்'ஷா இருக்கறதுல மாதச் சந்தாவே கிடையாது. ஆனா, சேனல்கள் கம்மி.

டிஷ் நம்ம ஊர்ல தென்கிழக்கு வானத்தைப் பார்த்து நிக்கணும். வேலை பார்க்கறப்போ இடிச்சுத் திருப்பிடாதீங்க. மாடி ஏறுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாஸ்!