மருத்துவ ஆராய்ச்சியாளர் உருவாகும் விதம்

வெந்நீரில் தலை முழுகுவது தென்னாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். செம்பால் வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருக்கும்பொழுதே சில சிறுவர்களுக்குக் கண்கள் நிலைகுத்துகின்றன, நினைவு மங்குகிறது, சிலருக்குக் கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. வேறொரு நாள் தலை முழுகும்போது அதே துன்பம் மீண்டும் வருகிறது. இதனைக் காற்றுக் கருப்பின் சேட்டை என்று கருதி மந்திரிக்க அழைத்துச் செல்லும் பெற்றோர் உண்டு. மருத்துவ நூல்கள் இதனை வெந்நீர் வலிப்பு என்கின்றன.

இந்நோயைப் பற்றி 1945-ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து ஒரு குறிப்பு வெளிவந்தது. ஆயினும் இது மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் ஒன்று தென் கர்நாடகம். 1968-ஆம் ஆண்டில் பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் இதனைப் பற்றி முதல் அறிக்கையை வெளியிட்டனர். மொண்டு ஊற்றித் தலை முழுகும் வழக்கம் இல்லாத நாட்டில் இந்நோய் கண்ணில் படுவதே அரிது. கண்ணில் படாத நோயைப் பற்றி யார் கேள்வி எழுப்புவார்? நம் நாட்டு நோய்களைப் பற்றிய கேள்விகளை நம் நாட்டாரே எழுப்ப வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

கேள்வி எழுப்புவது எளிது. அதற்கு விடை காண்பதற்கோ தனிப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியின் பெயரே முனைவர் பட்டப் படிப்பு. நோயைத் தீர்ப்பவரையும் டாக்டர் என்கிறோம். ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவரையும் டாக்டர் என்கிறோம். பெயர் ஒன்றாயினும் பயிற்சிகள் வேறு. மருத்துவக் கல்வி, இதுவரை அறியப்பட்டவற்றைக் கற்பித்து, அவற்றை நோயாளிக்குப் பயன்படுத்தும் திறத்தைத் தருகிறது. நோயாளி எதிரில் இருக்கையில் மருத்துவர் விரைந்து முடிவு செய்தாக வேண்டும். ஆராய்ச்சிப் பயிற்சியோ, இன்னும் அறியப்படாததன் எதிரே நின்று, முடிவு செய்யாமல் பொறுத்திருக்கக் கற்பிக்கிறது.

வெந்நீர் வலிப்பையே எடுத்துக்கொள்வோம். வலிப்பைத் தூண்டுவது நீரின் சூடா? தலையில் நீர் விழும் உணர்ச்சியா? இரண்டும் சேர்ந்த ஒன்றா? வீட்டில் அனைவரும் வெந்நீரில் குளிக்க, ஒருவருக்கு மட்டும் இது வருவது ஏன்? பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ஏன்? இவற்றுள் ஒன்றுக்கேனும் மருத்துவ மனையின் வெளி நோயாளர் பிரிவில் அமர்ந்தவாறே விடை கூற இயலாது. 1990-களில் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் தலையில் வெந்நீரைப் பாய்ச்சிப் பார்த்தனர். வலிப்பு உண்டாயிற்று, திரும்பத் திரும்பப் பாய்ச்சியபொழுது அது கடுமையாயிற்று. சில குடும்பங்களில் இந்நோய் பலருக்கு வருவதைக் கண்டு, அக்குடும்பங்களின் மரபணுக்களைச் சோதித்தனர் வேறு சிலர். 10-ஆம் குரோமோசோமிலும் 4-ஆம் குரோமோசோமிலும் இந்நோயோடு தொடர்புடைய பகுதிகள் இருப்பதாக 2009-ஆம் ஆண்டில் ஆய்வுகள் வெளிவந்தன. நோயாளியைக் கண்டவர், எலியை ஆராய்ந்தவர், மரபணுவைத் தேடியவர் ஆகிய பலரும் ஒரே கேள்வியைச் சுமந்து சென்றதால் கிடைத்த அறிவு இது.

இத்தகைய பணிக்கு நம் நாட்டில் அடித்தளம் எப்பொழுது இடப்பட்டது? 1911-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம், 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் உருவாயிற்று. பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும், அங்கிருந்த அரசு மனநோய் மருத்துவ மனையும் 1974-இல் இணைந்து, இன்று நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய நிலையமாயின. அரியானா மாநிலத்தில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் பின்னர் வந்தது. மருத்துவ மனையும் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்களில் பயில்வோர்க்குக் கிட்டும் பெரும் பேறு.

இனி, பயிற்சியின் முறையைக் காண்போம். விஞ்ஞானத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் மருத்துவப் பட்டம் பெற்றவர்களும் இதில் சேரலாம். பல்கலைக் கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு. பொதுவாக 6 ஆண்டுக்குள் முடித்தல் வேண்டும். தொடக்கத்தில் ஆராய்ச்சி முறை, புள்ளியியல், ஆராய்ச்சி ஒழுக்கம் முதலிய பாடங்கள். பின்னர் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஆராய்ச்சி. முன்னேற்றத்தை ஒரு குழு அவ்வப்போது சோதிக்கும். முடிவில் எழுதும் ஆய்வேட்டை வெளி அறிஞர் இருவரேனும் மதிப்பிடுவர். அதன்பின் வாய்மொழித் தேர்வில், பலர் முன்னிலையில், தம் முடிவுகளுக்கு மாணவர் விடையிறுத்தல் வேண்டும்.

புள்ளியியல் மருத்துவருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வலிப்பு நோயாளர் 10 பேருக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுக்கிறோம். 8 பேருக்கு வலிப்புக் குறைகிறது. மருந்து வென்றது என்று கூறிவிடலாமா? வலிப்பு ஒரு மாதம் மிகும். மறு மாதம் தானே தணியும். அது மிகுந்திருக்கும் காலத்தில்தான் நோயாளிகள் மருத்துவரை நாடி வருகின்றனர். ஆகவே மருந்தே கொடாவிடினும் பலருக்குக் குறைந்திருக்கக் கூடும். மருந்து பெறாத, ஆனால் மற்றெல்லா வகையிலும் ஒத்த மற்றொரு குழுவோடு ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. யார் எந்தக் குழுவினர் என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது. மதிப்பிடுபவருக்கும் தெரியக் கூடாது. தம் கண்ணையே நம்பாமல் இருக்க இவ்வாறு கற்பது, ஆராய்ச்சிப் பயிற்சியின் பாதி என்று சொல்லலாம்.

மற்றொரு பாதி அறம். ஆராய்ச்சிக்கு உட்படுபவர் மனிதர். அதிலும் நோயுற்று, நம்மை நம்பி வந்தவர். மனிதரைக் கொண்டு நடத்தும் ஆராய்ச்சிக்கான நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் முதன்முறையாக வகுத்தது. 2017-இல் விரிவாகத் திருத்தி வெளியிட்டது. ஆராய்ச்சி தொடங்குமுன் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிக்கு விளங்கும் மொழியில் யாவற்றையும் எடுத்துரைத்து, அவர் ஒப்புதலைப் பெற வேண்டும். சிறுவர்களாயின் பெற்றோர் ஒப்பினால் மட்டும் போதாது. 7 வயது நிரம்பிய சிறுவரின் இசைவையும் கேட்டல் வேண்டும். இடையில் எவரேனும் விலக விரும்பின் விலகலாம். அதனால் அவருக்குரிய சிகிச்சையில் ஒரு குறையும் நேரலாகாது. நிம்ஹான்ஸில் 1995-இல் நிறுவப்பட்ட மூளை வங்கிக்கு, இறந்தவரின் மூளையை உறவினர் மனமுவந்து அளிக்கின்றனர். துயரத்தின் நடுவே அவர்கள் தந்த கொடையைக் கையில் ஏந்தும் மாணவர், அதன் கனத்தை உணர்ந்தவராக இருத்தல் வேண்டும்.

இப்பயிற்சியில் இடர்ப்பாடுகளும் உள. சிகிச்சையில் ஈடுபட்ட மருத்துவருக்கு ஓய்வு இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவருக்கோ நோயாளியைக் காணும் வாய்ப்பு இல்லை. முன்னவரிடம் கேள்வி இருக்கிறது. பின்னவரிடம் கருவி இருக்கிறது. இருவரும் சந்திக்காவிடில் இரண்டும் வீணே. பொருளாதாரத் தடையும் பெரிது. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை 2023-ஆம் ஆண்டு முதல் மாதம் 37,000 ரூபாய் ஆயிற்று. தனியே சிகிச்சை செய்தால் ஒரு மருத்துவர் ஈட்டக் கூடியது இதனினும் மிகப் பல மடங்கு. குடும்பப் பொறுப்புள்ள இளம் மருத்துவர் எதைத் தேர்ந்துகொள்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றோடு, பல ஆண்டு உழைத்தும் எதிர்பார்த்த முடிவு கிட்டாமற் போவதும் உண்டு. அங்ஙனம் கிட்டாமையையும் உள்ளவாறே எழுதும் நேர்மையைப் பெற்றவரே பயிற்சியை முற்றப் பெற்றவர். ஒரு வழி பயனற்றது என்று தெளிவாக எழுதியவர், பின்வருவோரை அவ்வழியே சென்று அலையாமல் காத்தவர் ஆவார்.

இவ்வளவு உழைப்பின் பயன் யாது? மீண்டும் அந்தக் குளியலறைக்கே செல்வோம். இன்று நரம்பியல் மருத்துவர் அச்சிறுவனின் தாய்க்குத் தெளிவாகக் கூற முடிகிறது: இது காற்றுக் கருப்பு அன்று, மூளையின் ஒரு வகைத் தூண்டலால் வருவது, நீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு இது வராது. அதனாலும் நில்லாதவர்களுக்கு, மருத்துவர் ஆலோசனைப்படி, தலை முழுகுவதற்கு முன் மட்டும் உட்கொள்ளும் குளோபசாம் என்னும் மருந்தும் பயன் தருகிறது. சிலருக்கு வெந்நீர் இன்றியும் வலிப்பு வரத் தொடங்கக் கூடுமாதலின் அவர்களைக் கண்காணித்து, தொடர்ந்த சிகிச்சை தர வேண்டும் என்பதும் அறியப்பட்டுள்ளது.

அத்தாய் ஆய்வேட்டைப் படித்தவள் அல்லள், புள்ளியியலையும் அறியாள். ஆயினும் இனி அவள் அஞ்சாமல் தன் மகனின் தலையில் நீர் ஊற்றுவாள். நம்மவர் உடலில் மட்டும் மிகுதியாய் வரும் நோய்கள் இன்னும் எத்தனையோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்கப் பயின்ற இளைஞர்களை உருவாக்குவதும், பயிலுங்காலத்தில் அவர்களைத் தாங்குவதும் நாட்டின் கடமை.