பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்



1842ஆம் ஆண்டின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவிலே பார்னம் என்னும் காட்சிச்சாலை உரிமையாளர் ஒரு சிறுவனைக் கண்டார். சார்ள்ஸ் ஸ்ராற்றன் என்பது அவன் பெயர், வயது நான்கு. வளர்ச்சி குன்றிய அவனது உயரம் ஏறத்தாழ இரண்டடியே. நியூயோர்க்கிலிருந்த தமது காட்சிச்சாலையில் அவனை நிறுத்திய பார்னம், அவன் 11 வயதினன் என்றும், இங்கிலாந்திலிருந்து வந்தவன் என்றும் விளம்பரஞ் செய்தார். ‘ஜெனரல் ரொம் தம்ப்’ எனப் பட்டமுஞ் சூட்டினார். கூட்டம் திரண்டது. 1844இல் விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் அவன் தோன்றினான்.

இச்செய்தியை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். நான்கு வயதுக் குழந்தை சிறிதாயிருப்பதைக் காண்பதற்குப் பலர் காசு கொடார். பதினொரு வயது என்ற பொய் சேர்ந்தபோதே பெரும் விந்தை பிறந்தது. ஆகவே, அவ்விந்தை பிள்ளையின் உடலில் மட்டும் இருந்ததன்று. காட்டியவரின் ஏற்பாட்டிலும் இருந்தது.

அக்காலக் காட்சிக் கூடாரங்களின் இடத்தை இன்று பெருமளவில் தொலைக்காட்சி பெற்றுள்ளது. மெய்யான மனிதரின் வாழ்வை உள்ளவாறு காட்டுவதாகக் கூறும் நிகழ்ச்சிகளை ‘ரியாலிட்டி’ நிகழ்ச்சிகள் என்பர். அமெரிக்காவின் ‘ரி.எல்.சி.’ என்னும் அலைவரிசை இவற்றுக்குப் பெயர்பெற்றது. அது 1970களிலே கல்வி ஒளிபரப்புக்கென உருவானது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வலைவரிசையில் 2006இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி, ‘சிறிய மனிதர், பெரிய உலகம்’ எனப் பொருள்படும் தலைப்புடையது. ஓரிகன் மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்று அதில் இடம்பெற்றது. தாய் தந்தையர் இருவரும் உயரம் குறைந்தோர். நான்கு பிள்ளைகளுள் ஒருவர் மட்டும் அவர்களைப் போன்றவர். தலைப்பு உடலளவையே முன்வைத்தது உண்மை. ஆயினும், பண்ணைவேலையையும் பூசணிக்காய் விற்பனையையும் பெற்றோர் பிள்ளைகளின் பிணக்கையும் தொடர்ந்து பார்த்தவருக்கு, உயரம் மெல்ல மெல்ல மறந்துபோகும். குடும்பமே கண்முன் நிற்கும்.

2012இல் தொடங்கிய மற்றொன்றின் தலைப்புக்கு ‘என் அறுநூறு இறாத்தல் வாழ்வு’ என்பது பொருள். அறுநூறு இறாத்தல் ஏறத்தாழ 272 கிலோகிராம். மிகையான உடற்பருமனால் வருந்தி, சத்திரசிகிச்சையை நாடி வருவோரை அது காட்டுகின்றது. அவர்தம் இளமைத் துயரங்களுக்கு அது செவிகொடுக்கின்றது. சிலர் நலம்பெறுவதையும் காண்கின்றோம். ஆனால், அவர்கள் நீராட இடர்ப்படுவதையும் நிறைகாட்டும் எண்ணையும் ஒளிப்படக்கருவி உற்றுநோக்கும்போது, பார்னத்தின் காட்சிச்சாலை மீண்டும் திறக்கப்படுகின்றது.

“அவர்கள் தாமே இசைந்தனர்; நமக்கென்ன?” என்று கேட்பாருளர். ‘யானை மனிதன்’ எனப்பட்ட ஜோசப் மெரிக்கும் 1884இல் தாமே விரும்பித்தான் காட்சிப்பொருளானார். அதற்குமுன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை அவர் லெஸ்ரர் நகரத்து ஏழையர் விடுதியிற் கழித்தார் என்பதை அறிந்தால், அவ்விசைவின் பெறுமதி விளங்கும். வேறு வழி குறைந்தவனின் இசைவு அவன் நிலையை விளக்குமேயன்றி, பார்ப்பவனின் பொறுப்பை நீக்காது.

இதனைக் கூறுதற்குக் காரணம் உண்டு. மாறுபட்ட உடலமைப்புடைய மாணவரொருவர் வகுப்பறையில் நுழையும்போது ஏனைய பிள்ளைகளின் கண்கள் எவ்வாறு திரும்புகின்றன என்பதை ஆசிரியர்கள் அறிவோம். அக்கண்கள் நோக்கும் விதத்தை வீட்டிலே கற்றுவருகின்றன. திரையின் முன் நகைத்துப் பழகிய பிள்ளை, தன் அயலிருக்கை மாணவனுக்கும் ஒரு பட்டப்பெயர் சூட்டும்.

எனவே, இத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பிள்ளைகளுடன் இருந்து பார்க்க நேரின், முடிவில் ஒரு வினாவை அவர்களிடம் கேளுங்கள்: “அம்மனிதரைப்பற்றி, அவர் உடலைத் தவிர, வேறென்ன அறிந்தாய்?” அவருடைய தொழிலையோ விருப்பத்தையோ அச்சத்தையோ பிள்ளை கூறுமாயின், அது ஒரு மனிதரைச் சந்தித்தது. கூறுதற்கு ஒன்றும் இல்லையாயின், காட்சிப்பொருளையே கண்டது. அவ்வேளையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு சிறிது பேசுதல் பெற்றோர் கடனாகும்.