அடுப்படிப் புகையும் காற்றுமானியும்



கொத்மலையின் மார்கழி வைகறையில் மலைச்சரிவை மூடுபனி போர்த்தியிருக்கும். அதனூடே லயங்களின் கூரைகளிலிருந்து மிலாறு எரியும் புகை கசிந்து எழும். பனி நீர்; புகையோ நுண்ணிய கரித்துகள். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெண்மையாகவே தோன்றும். குறைந்த விலையில் வீட்டில் வைக்கத்தக்க காற்றுமானிகள் இந்நாளில் கிடைக்கின்றன. அவை இவ்விரண்டையும் பிரித்தறியுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் அஞ்ச வேண்டியவை 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத துகள்கள். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரோமீற்றர். நம் தலைமயிரின் பருமனோ ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். இத்துணைச் சிறியவையாதலால் இத்துகள்கள் நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைகின்றன. ஒரு கனமீற்றர் காற்றில் இவை, 24 மணிநேரச் சராசரியாக, 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வரையறுத்தது.

கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே அடுப்படிக்குள் வெயில் விழும்போது, அக்கதிரில் தூசி மின்னுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் அது நிகழ்கிறது. இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோன் டிண்டல் என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். சிறுகருவியின் உள்ளே நிகழ்வதும் இதுவே. சிறு விசிறி ஒன்று காற்றை இருண்ட அறைக்குள் இழுக்கிறது. வெயிலுக்குப் பதிலாக லேசர் கதிர் பாய்கிறது. துகள்கள் சிதறும் ஒளியை ஒளியுணரி மின்துடிப்பாக மாற்றுகிறது. அத்துடிப்புகளைக் கொண்டு கருவி துகள்களின் அளவையும் தொகையையும் மதிப்பிட்டு, அவற்றின் எடையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆகவே அது எடையை நிறுப்பதில்லை. ஒளியைக் கண்டு எடையை ஊகிக்கிறது. ஆய்வுகூடத்திலோ வடிதாளில் துகள்களைப் படியவைத்து, தராசில் நிறுத்தே பார்க்கின்றனர்.

மலைநாட்டில் இவ்வேறுபாடு முக்கியமானது. ஈரக் காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பனித்துளியும் ஒளியைச் சிதறச் செய்யும். கருவி அவற்றையும் மாசெனக் கொண்டு கூடுதலாகக் காட்டும். பெரிய நிலையங்களின் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தை நீக்கிய பின்னரே அளக்கின்றன. சிறுகருவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வசதி இல்லை.

அதனால் அது பயனற்றதென ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தனியொரு எண்ணை நம்பாது, எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. பனி விலகிய உலர்ந்த வேளையில், கொதிக்கும் பானையின் ஆவி படாத இடத்தில் கருவியை வையுங்கள். அடுப்பு மூட்டுமுன் ஒரு முறையும், எரியும்போது ஒரு முறையும், சன்னலைத் திறந்தபின் ஒரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறுவதும் இறங்குவதும் உண்மையை உணர்த்தும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், காற்று மாசடைந்தமையால் இலங்கையின் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தனர். ஆனால் விறகடுப்பு எரியும் ஒற்றைக் காம்பராவில் இருந்த பிள்ளை எக்காற்றைச் சுவாசித்தது? பள்ளிக் கதவை மூடுவது அரசின் கையில் இருக்கிறது. விறகை உலர்த்துவதும், புகைபோக்கி அமைப்பதும், கைக்குழந்தையை அடுப்பருகே கிடத்தாதிருப்பதும் நம் கையில் இருக்கின்றன. அவற்றின் பலனை அறிய இச்சிறுகருவி போதும்.