இரண்டு நாள் வேலைக்கு நான்கு வாரம் ஏன்?

கடந்த தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு சாமி மேடை செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால், தீபாவளியன்று காலையிலும் வார்னிஷ் கையில் ஒட்டியது. சாமி படங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

அறிவியல் ஆசிரியரான நான் எங்கே தவறினேன்? கை வேலை செய்யும் நேரத்தை எண்ணினேன். காத்திருக்க வேண்டிய நேரத்தை எண்ணவில்லை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். உலர்ந்த பலகைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், பலகையின் உலர் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீர் தங்கும். ஈரப்பதம் 55 விழுக்காடாக உள்ள குளிரூட்டிய அறையில் அது 10 விழுக்காட்டுக்கு இறங்கும். நீர் குறையும்போது பலகை அகலவாக்கில் சுருங்கும். இணைப்புகளில் இடைவெளி விழும். எனவே வாங்கிய பலகையை, பொருள் நிற்கப்போகும் அறையிலேயே ஒரு வாரமாவது வைத்திருங்கள்.

அடுத்து வெள்ளைப் பசை. அதிலுள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். ஒரு மணி நேரத்தில் பலகைகளைப் பிடித்துக்கொண்டாலும், முழு வலு பெற 24 மணி நேரம் ஆகும். எண்ணெய் வார்னிஷோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் விட வேண்டும். மழை நாளில் முதல் பூச்சு காயும் முன்பே இரண்டாவதைப் பூசியதுதான் நான் செய்த தவறு.

நம் மனமும் இதில் கூட்டாளி. கனடாவில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். எல்லாம் தடையின்றி நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது. முன்பு எத்தனை முறை தாமதமானது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, எப்படித் திட்டமிடலாம்? பலகை அறைக்குப் பழக 7 நாள், அறுத்து ஒட்டித் தேய்க்க 2 நாள், மூன்று பூச்சுக்கு 3 நாள், வார்னிஷ் நன்றாக இறுக 7 நாள். மொத்தம் 19 நாள். மழை, உடைந்த ரம்பம், திடீர் விருந்தாளி ஆகியவற்றுக்காக அதில் பாதியைக் கூட்டுங்கள். ஏறத்தாழ நான்கு வாரம் வரும்.

முடிக்க வேண்டிய நாளை முதலில் நாள்காட்டியில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை கற்பனையை நம்பாமல் அந்தக் குறிப்பேட்டை நம்பலாம்.

இவ்வாண்டு தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே நான் பலகை வாங்கிவிடுவேன். இம்முறை அம்மாவிடம் தேதி எதுவும் சொல்லவில்லை.