உடனடிச் செய்திக்கு ஒரு வாயிற்காவல்

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஆகிய இடங்களில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. நம் மாணவியர் பலர் நாளை அத்தகைய அலுவலகங்களில் பணிபுரியக்கூடும். அங்கு ஊழியர்கள் கணினியில் அனுப்பும் உடனடிச் செய்திகளைச் சுமப்பது ஒரு சர்வர். வெளியார் செய்தி அதனுள் எவ்வாறு நுழைகிறது என்று காண்போம்.

மைக்ரோசாப்டின் பழைய ஆபீஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர் 2007-ஐ எடுத்துக்கொள்வோம். வெளிச்செய்தி நேரே உள்ளே வராது; 5061 எண்ணுள்ள போர்ட் வழியாக எட்ஜ் சர்வர் என்னும் வாயிற்காவலனையே முதலில் அடையும். அனுப்பும் சர்வரின் சான்றிதழ் மெய்யானதா என்று அது சோதிக்கும். பட்டியலிலுள்ள நிறுவனங்களை மட்டும் அனுமதிக்குமாறும் அதனைப் பணிக்கலாம். அடுத்த காவல், செய்தியைப் பெறும் ஊழியருக்கு வெளியாருடன் பேச அனுமதி உண்டா என்பது. நம் பள்ளி வாயிலிலும் வருபவர் யார், யாரைக் காண வந்தார் என்ற இரண்டையும் கேட்கிறோம் அன்றோ?

"நான் மேலாளர், கடவுச்சொல்லைக் கூறுக" என்னும் வஞ்சக வரி ஒன்றே பெருங்கேட்டுக்குப் போதும். ஆயினும் கதவை முற்றும் அடைத்தால், ஊழியர் சொந்தக் கைப்பேசியை நாடுவர். அங்கே நிறுவனத்தின் காவலும் இல்லை, பதிவும் இல்லை. ஆகவே அளவறிந்து திறப்பதே நன்று.

சான்றிதழ் சர்வரை அறியும். அனுப்புவோர் மனத்தை அறியாது. அதற்கு நம் விவேகமே காவல்.