புறாவுக்கும் ஸ்டாம்ப் ஒட்டினார்கள், தெரியுமா?

தபால் என்றாலே நமக்கு அரசாங்கம்தான். சிவப்புப் பெட்டி, காக்கிச் சட்டை, வட்ட முத்திரை. ஆனால் உலகின் பல ஊர்களில் கடிதத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கத் தொடங்கியது அரசாங்கமே இல்லை, தெரியுமா? காபிக் கடைக்காரர், சைக்கிள் வியாபாரி, கப்பல் முதலாளி என்று யார் யாரோ! ஸ்டாம்பும் அவர்களே அச்சடித்துக்கொண்டார்கள். தொழில் சூடுபிடித்ததும் அரசாங்கம் வந்து நிற்கும். சில இடத்தில் காசு கொடுத்து வாங்கும். பல இடத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

லண்டனைப் பாருங்கள். 1680இல் வில்லியம் டாக்ரா என்ற வணிகர், நகருக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரே ஒரு பென்னி என்று தபால் தொடங்கினார். முன்பணம் கட்டியதற்கு அடையாளமாக முக்கோண முத்திரை. உலகின் முதல் அரசாங்க ஸ்டாம்பான ‘பென்னி பிளாக்’ வருவதற்கு இன்னும் 160 வருஷம் இருந்தது! ஒரு நாளில் பல தடவை பட்டுவாடா வேறு. தபால் வருமானம் முழுவதும் அரசரின் தம்பி யார்க் கோமகனுக்குச் சேரவேண்டியது. அவர் சும்மா இருப்பாரா? வழக்கு, அபராதம். 1682இல் அதே பென்னி தபாலை அரசாங்கமே நடத்த ஆரம்பித்துவிட்டது.

இதைவிடப் பெரிய கதை எடின்பரோவில். பீட்டர் வில்லியம்சனை அபெர்டீன் துறைமுகத்தில் சிறுவனாக இருக்கும்போதே கடத்திக் கப்பலேற்றி, அமெரிக்காவில் 16 பவுனுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவரும் சின்ன வயதில் அதேபோல் கடத்தப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர்தான்! பிறகு செவ்விந்தியர்களிடம் பிடிபட்டு, தப்பி, ஊர் திரும்பியதாக அவரே புத்தகம் எழுதினார் (அதில் எத்தனை பங்கு மசாலா என்பது வேறு விஷயம்). கடத்தல் கதையை அச்சிட்டதற்காக அபெர்டீன் நகர அதிகாரிகள் அவருக்குத் தண்டனை கொடுத்துப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். மனிதர் விடவில்லை, அவர்கள்மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். பிறகு எடின்பரோவில் காபிக் கடை வைத்தார், ஊருக்கு முதல் முகவரிப் புத்தகம் போட்டார், 1773வாக்கில் பென்னி தபாலும் தொடங்கினார். இருந்ததோ நாலே தபால்காரர்கள். அவர்கள் தொப்பியில் 1, 4, 8, 16 என்று எண் போட்டாராம். பதினாறு பேர் வேலை செய்கிறார்கள் என்று ஊர் நம்பட்டுமே! கடைசியில் 1793இல் அரசாங்கம் தபாலை எடுத்துக்கொண்டு, வருஷத்துக்கு 25 பவுன் ஓய்வூதியம் கொடுத்தது. கடத்தப்பட்ட பிள்ளை, அரசாங்கப் பென்ஷன்காரர்!

அமெரிக்கா தன் முதல் பொது ஸ்டாம்பை வெளியிட்டது 1847இல். ஆனால் நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரெய்க் என்பவர் 1842 பிப்ரவரியிலேயே வாஷிங்டன் முகத்தோடு மூன்று சென்ட் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கண்டம் முழுவதற்கும் அதுதான் முதல் ஒட்டும் ஸ்டாம்ப். ஆறே மாதம். ஆகஸ்டில் அரசாங்கம் நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

டிரினிடாட் தீவில் ‘லேடி மெக்லியட்’ என்ற நீராவிக் கப்பல் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் இடையில் ஓடியது. அதன் முதலாளி டேவிட் பிரைஸ் 1847இல் நீல நிறத்தில் கப்பல் படம் போட்ட ஸ்டாம்ப் அடித்தார். விலையே அதில் கிடையாது! ஒன்று ஐந்து சென்ட், நூறாக வாங்கினால் நான்கு டாலர். பயன்படுத்திய ஸ்டாம்பைச் செல்லாததாக்க, பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். இல்லையென்றால் மூலையைப் பிய்த்துவிடுவார்கள். இன்று அதைத் தேடி அலையும் சேகரிப்பாளர்களுக்கு அந்த மூலையை நினைத்தால் வயிறு எரியும்.

சூயஸ் கால்வாயை வெட்டிய கம்பெனியும் 1868இல் தன் பங்குக்கு ஸ்டாம்ப் போட்டது. சில வாரங்கள்தான்; எகிப்து அரசு தடுத்துவிட்டது. தென் அமெரிக்காவின் தென்கோடியில் தங்கம் தோண்டிய ஜூலியஸ் பாப்பரோ 1891இல் ஸ்டாம்ப் வெளியிட்டார். தங்கக் காசு அதற்கு முன்பே அடித்தாகிவிட்டது!

இப்போது புறாவுக்கு வருவோம். 1894 அக்டோபரில் நியூசிலாந்தின் கிரேட் பேரியர் தீவில் ‘வைராரப்பா’ கப்பல் மோதி நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செய்தி ஆக்லாந்துக்கு வந்துசேர மூன்று நாள் ஆனது. தந்தி இல்லாத தீவு, என்ன செய்வது? 1897இல் புறாத் தபால் தொடங்கியது. மெல்லிய தாளில் எழுதிய கடிதங்களைக் காலில் கட்டிப் பறக்கவிட்டார்கள். மறுவருஷம் அதற்கென்று ஸ்டாம்ப். விமானமே பிறக்காத காலத்து விமானத் தபால்! ‘வெலாசிட்டி’ என்ற புறா ஆக்லாந்தை 50 நிமிஷத்தில் எட்டிப்பிடித்ததாம். தீவிலிருந்து கடிதம் அனுப்ப ஆறு பென்ஸ்; ஆக்லாந்திலிருந்து தீவுக்கு ஒரு ஷில்லிங். ஏன் இரண்டு மடங்கு? அந்தத் திசையில் பறக்கப் புறாவைப் பழக்குவது அத்தனை கஷ்டம். 1908இல் கடலடித் தந்தி வந்தது, புறாக்களுக்கு ஓய்வு.

கப்பல் மூழ்கிய அதே 1894இல் கலிஃபோர்னியாவில் ரயில் வேலைநிறுத்தம். ஃப்ரெஸ்னோ நகர சைக்கிள் வியாபாரி ஆர்தர் பாண்டா, சான் ஃபிரான்சிஸ்கோ வரை 210 மைலை ஆள் மாற்றி ஆள் ஓட்டி, பதினெட்டு மணி நேரத்தில் கடிதம் சேர்ப்பதாகச் சொன்னார். 25 சென்ட் ஸ்டாம்ப், வைர வடிவம். அவசரத்தில் ஊர்ப் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சடித்துவிட்டார்கள். திருத்தி மறுபடி அடித்தார்கள், பிறகு வேலைநிறுத்தமும் முடிந்துவிட்டது. மொத்த ஆயுள் இரண்டு வாரம்கூட இல்லை!

இத்தனை ஸ்டாம்ப் இருந்தால் கள்ள ஸ்டாம்ப் இல்லாமலா? பாஸ்டனைச் சேர்ந்த எஸ். ஆலன் டெய்லர், இல்லாத தபால் கம்பெனிகளுக்கெல்லாம் ஸ்டாம்ப் அடித்துச் சேகரிப்பாளர்களிடம் விற்றார். ஒன்றில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது லண்டி. இங்கிலாந்துக்கு மேற்கே பிரிஸ்டல் கால்வாயில் ஒரு குட்டித் தீவு. 1925இல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் அதை விலைக்கு வாங்கினார். அரசாங்கத் தபால் விலகிக்கொண்டதும், 1929இல் தன் சொந்த ஸ்டாம்பை வெளியிட்டார். பணத்தின் பெயர் ‘பஃபின்’. அந்தத் தீவில் கூடு கட்டும் வண்ண அலகுக் கடற்பறவை அது. ஒரு பஃபின் ஒரு பென்னிக்குச் சமம். அத்தோடு நிற்காமல் காசும் அடித்தார். ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் ராஜா தலை இருக்கவேண்டிய இடத்தில் ஹார்மன் தலை! கோர்ட்டு ஐந்து பவுன் அபராதம் போட்டது. காசு நின்றது, ஸ்டாம்ப் நிற்கவில்லை. அரசாங்க ஸ்டாம்போடு மோதாமல் உறையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அது பிழைத்தது, இன்றும் வெளிவருகிறது. நடுவில் எலிகள் முட்டைகளைத் தின்று, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிலிருந்த பஃபின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றானது. அப்போதும் ஸ்டாம்பின் விலை பஃபின் கணக்கில்தான் இருந்தது.